வெள்ளை மீனுக்காக விதவையானவள்

எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் குடியிருந்த எஸ்டெல் ரப்கினுக்கு நியூயார்க்கின் குவீன்ஸில் தெரியாத கடை கிடையாது. பிடித்த கடையும் ஏறக்குறையக் கிடையாது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் ஏழு தலைமை ஆசிரியர்கள் வந்து போனார்கள், ஏழு பேரும் தன்னைக் கேட்டுத்தான் தும்மினார்கள் என்பது அவளே சொல்லும் வரலாறு. புருஷன் சீமோர் மொத்த விலையில் ஜிப் விற்றவர். காது கொஞ்சம் மந்தம். அந்த மந்தம் எப்போது வந்தது என்று கேட்டால், கல்யாணத்துக்கு அடுத்த வாரம் என்பார்.

வருஷத்துக்கு ஒரு முறை, யோம் கிப்பூர் நெருங்கும்போது, எஸ்டெலின் தொலைபேசி ஓயாது. யூதர்களான நாங்கள் இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிற நாள் அது. ஆனால் எங்கள் ஆட்கள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தது மன்னிப்பைப் பற்றி இல்லை. நோன்பு முடிந்ததும் தட்டில் விழப்போவது எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதைப் பற்றி.

"எஸ்டெல், பேகல் எங்க வாங்குறது?"

"போன வருஷம் எங்க வாங்கினே?"

"இங்கதான், முக்குக் கடையில."

"அது பேகல் இல்லடி, நடுவுல ஓட்டை போட்ட பன்னு. அதைத் தின்னு நோன்பை முடிக்கிறதுக்கு இன்னொரு நாள் பட்டினி கிடக்கலாம்."

கேட்டவள் வாயை மூடிக்கொண்டு எஸ்டெல் சொன்ன கடைக்குப் போவாள். அங்கே வரிசையில் ஏற்கெனவே எஸ்டெல் சொல்லி வந்தவர்கள் எட்டுப் பேர் நிற்பார்கள்.

அவள் வீட்டு மேசைக்கு ஒவ்வொரு வருஷமும் இருபத்திரண்டு பேர் வருவோம். பேகல், கிரீம் சீஸ், ஊறவைத்த ஹெர்ரிங் மீன், முட்டை சாலட், நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அவள் அடுப்பில் வேகவைக்கும் குகெல் எல்லாம் இருக்கும். நடுவில், வெள்ளித் தட்டில், தலையும் வாலுமாக, பொன் நிறத் தோலோடு புகையில் வாட்டிய முழு வெள்ளை மீன் படுத்திருக்கும். அதை எங்கள் தெருக்கோடியில் மீன்கடை வைத்திருந்த வாக்ஸ்மேனிடம்தான் வாங்குவாள். வேறு யார் வீட்டு மேசையிலும் அவள் வெள்ளை மீனைத் தொட்டது இல்லை. முட்கரண்டியால் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், மூடிவிடுவாள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே நான் பதினாறு வருஷமாக மீன் வாங்குவதில்லை.

அந்த வருஷம் நோன்பு புதன்கிழமை வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால் வாக்ஸ்மேன் கடையின் கதவில் ஒரு அட்டை தொங்கியது. இத்தனை வருஷ ஆதரவுக்கு நன்றி, ஃப்ளோரிடா போகிறோம் என்று எழுதியிருந்தது. எஸ்டெல் அதை மூன்று முறை படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நோன்பு நெருங்குற நேரத்துல ஓடுறான் பாரு பெல்லா! கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. இவனுக்குக் கிடையாது."

"அவருக்கு எழுபத்தாறு வயசு, எஸ்டெல்."

"எழுபத்தாறு வயசுல ஒரு மாசம் பொறுக்க முடியலையா? அப்படி என்ன அவசரம், அங்க கடல் வத்திடுமா?"

லாங் ஐலண்டிலிருந்து மருமகள் மார்சி தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னாள். மார்சி மாமியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எஸ்டெலின் நூறு புகார்களில் அது நாற்பதாவது.

"எஸ்டெல், இந்த வருஷம் நான் சூப்பர்மார்க்கெட்ல டிரே ஆர்டர் பண்ணிடுறேனே. மீன், சீஸ், பழம் எல்லாம் அழகா அடுக்கித் தருவாங்க. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

"பழமா?" என்றாள் எஸ்டெல். தொலைபேசியை வைத்துவிட்டு என் வீட்டுக்கு இறங்கி வந்து, அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு தேடல் தொடங்கியது. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள். முதல் கடையில் மீன் காய்ந்து கிடந்தது. "இதுக்கு ஷூ பாலிஷ் போடலாம்" என்று கடைக்காரனிடமே சொன்னாள். இரண்டாவது கடையில் துண்டு போட்டு பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். "முகத்தைக் காட்டாத மீன் எதையோ மறைக்குது" என்று வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது கடையில் மீன் அருமையாக இருந்தது. நானே ருசி பார்த்தேன். ஆனால் கடைக்காரர் சிரித்து, "வாங்க மேடம், உங்களுக்காகவே வச்சிருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தார். மரியாதையாகப் பேசும் மீன்காரனை எஸ்டெல் நம்புவதில்லை. வாக்ஸ்மேன் முப்பது வருஷத்தில் அவளை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

கடைசியில் திங்கட்கிழமை காலை சுரங்க ரயில் ஏறி, மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கம் இருந்த நோவிக் கடைக்குப் போனோம். நியூயார்க்கில் பாதி யூதர்கள் எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். வாசலில் இருந்த இயந்திரம் எஸ்டெலுக்குத் துப்பிய சீட்டில் தொண்ணூற்று நாலு என்று இருந்தது. கல்லாவுக்கு மேலே பலகையில் எரிந்த எண் முப்பத்தொன்று. சீக்கிரமே எல்லாரும் பாவமன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள். அதற்குள் செய்துமுடிக்க வேண்டிய பாவங்கள் பாக்கி இருந்ததுபோல முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது வெள்ளை அங்கி போட்ட ஒருவன் உள்ளேயிருந்து கத்தினான்: "முழு வெள்ளை மீன் பதினொண்ணுதான் இருக்கு! அப்புறம் கேட்காதீங்க!"

எஸ்டெலின் முகம் மாறியது. எங்களுக்கு முன்னால் நீல நிறத் தொப்பி போட்ட ஒரு பெண் கையில் முப்பத்தெட்டாம் சீட்டோடு நின்றாள். எஸ்டெல் அந்தச் சீட்டைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் அந்தப் பெண்ணிடம், மெல்லிய குரலில். "என்னால நிக்க முடியல. என் வீட்டுக்காரர் போயிட்டார்."

"ஐயோ! எப்போ?"

"வியாழக்கிழமை. ஃப்ளோரிடாவுல."

"துக்கம் ஏழு நாள்கூட முடியலையே! நீங்க வீட்டுல இல்ல உட்கார்ந்திருக்கணும்? கடைக்கு வர வேற ஆளே இல்லையா?"

"மருமக இருக்கா," என்று எஸ்டெல் கைக்குட்டையால் கண்ணைத் தொட்டாள். "டிரே ஆர்டர் பண்ணிக்கோன்னு சொல்லிட்டா. பழம் வச்ச டிரே."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். தொப்பிக்காரியின் பெயர் யெட்டா கோர்ன், ஃபாரஸ்ட் ஹில்ஸ் பக்கம். அவள் தன் சீட்டை எஸ்டெலின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். தொண்ணூற்று நாலைத் தான் வாங்கிக்கொண்டாள். எந்த ஜெபஆலயம், அவர் பெயர் என்ன, அவருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிறேன் என்று கேட்டாள். பொய்ப்பெயர் தேட எஸ்டெலுக்கு நேரம் கிடைக்கவில்லை. எங்கள் ஜெபஆலயத்தின் பெயரையே சொன்னாள். "சீமோர்," என்றாள், "சீமோர் ரப்கின்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்கும் கால் வலித்தது. எனக்கும் கால் கிலோ சால்மன் அவள்தான் வாங்கப்போகிறாள்.

பத்து நிமிஷத்தில் ஆறு கிலோ எடையுள்ள பொட்டலங்களோடு வெளியே வந்தோம். ரயிலில் நான் கேட்டேன்: "இப்படிச் சொல்லலாமா, எஸ்டெல்?"

"என்ன சொன்னேன்? போயிட்டார்னு சொன்னேன். காலையில முடி வெட்டப் போனார்."

"ஃப்ளோரிடாவுக்கா?"

"ஃப்ளோரிடாவுக்கு வாக்ஸ்மேன் போனான். துக்கம் துக்கம்தானே."

யெட்டா கோர்ன் சும்மா இருக்கும் ரகம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. அவள் தன் ஜெபஆலயத்தின் மகளிர் சங்கத் தலைவி. மறுநாள் காலை எங்கள் ஜெபஆலய குருவான ரபியைத் தொலைபேசியில் பிடித்து, புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைத் துக்க வாரத்தில் மீன் கடை வரிசையில் நிற்க விட்டிருக்கிறீர்களே, இதுதான் உங்கள் சபையின் லட்சணமா என்று கிழித்துவிட்டாள். ரபி ஓஷின்ஸ்கிக்கு வயது முப்பத்திரண்டு. கோடையில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். சீமோரை அவர் பார்த்தது இல்லை, ஏனென்றால் சீமோர் வருஷத்தில் ஒரு நாள்தான் வருவார். பதறிப்போன ரபி ரப்கின் வீட்டுக்குக் கூப்பிட்டார். எடுத்தது சீமோர். அந்த உரையாடலைப் பிற்பாடு ரபியே எனக்குச் சொன்னார்.

"ரப்கின் வீடுங்களா? ரபி பேசறேன். இப்பதான் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு."

"ஆமா ரபி, நாங்களும் எதிர்பார்க்கல," என்றார் சீமோர். "முப்பது வருஷம்! திடீர்னு ஒரு நாள் பார்த்தா, இல்ல."

"எஸ்டெல் எப்படி இருக்காங்க?"

"தூங்கறதே இல்ல. அவரை மாதிரி இன்னொருத்தர் கிடைப்பாரான்னு தெருத் தெருவா அலையறா."

"அதுக்குள்ளயா?" என்று மட்டும் ரபி கேட்டிருக்கிறார்.

"பின்ன? இருபத்திரண்டு பேர் வர்றாங்களே!" என்றார் சீமோர்.

பேசியது அண்ணனோ தம்பியோ, துக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று ரபி முடிவுகட்டினார். இந்த வருஷம் இறந்தவர்களின் பட்டியலில் கடைசியில் ஒரு பெயரைத் தன் கையாலேயே சேர்த்தார்.

செவ்வாய் மாலை நோன்பு தொடங்கியது. புதன் காலை நான் எஸ்டெலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் எழுந்து நெஞ்சில் குத்திக்கொண்டு பாவங்களை வரிசையாகச் சொல்லும் நேரம் வந்தது. பொய்யால் செய்த பாவம், நாவால் செய்த பாவம் என்று அது நீண்டுகொண்டே போகும். எஸ்டெல் உருக்கமாகத்தான் குத்திக்கொண்டாள். இடையில் என் பக்கம் குனிந்து, "குகெலை எத்தனை மணிக்கு அடுப்புல வைக்கணும்னு மார்சிகிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

நண்பகல் நெருங்கும்போது இறந்தவர்களுக்கான நினைவுத் தொழுகை. ரபி பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியாக, "சீமோர் ரப்கின்" என்றார்.

சீமோர் கதவோரம், கடைசி வரிசையில், அரைத்தூக்கத்தில் இருந்தார். வேதம் வாசிக்கும் மேடைக்குப் பெயர் சொல்லி அழைப்பது எங்களிடம் பெரிய கௌரவம். இத்தனை வருஷத்தில் அந்தக் கௌரவம் அவருக்கு ஒரு முறைகூடக் கிடைத்தது இல்லை. இன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இதோ! வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று எழுந்து, தோளில் கிடந்த தொழுகைத் துண்டைச் சரிசெய்துகொண்டு, நடுப்பாதையில் இருபுறமும் இருந்தவர்களுக்குக் கைகொடுத்தபடியே மேடையை நோக்கி நடந்தார்.

எஸ்டெலைத் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு. தெரியாதவர்களுக்கு நடுக்கம். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் மயங்கிச் சரிந்தாள். பசி மயக்கம் என்று அவள் பின்னால் சொன்னாள். ரபியின் முகம் மேசை விரிப்பைவிட வெளுத்தது.

"நீங்க யாரு?"

"சீமோர் ரப்கின். நீங்கதானே கூப்பிட்டீங்க?"

எஸ்டெல் தன் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். புத்தகம் தலைகீழாக இருந்தது.

மதிய இடைவேளையில் ரபி எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்கு அழைத்தார். எஸ்டெல் நடந்ததைச் சொன்னாள். பாதியைச் சொன்னாள், மீதியை நான் சொன்னேன். சீமோர் காதைக் கையால் குவித்துக் கேட்டார்.

"அப்போ நான் செத்துட்டேனா?"

"ஒரு பத்து நிமிஷம்தான்," என்றாள் எஸ்டெல்.

"மீனுக்காகவா?"

"நல்ல மீன், சீமோர்."

"நோவிக் மீனா?" என்று கேட்டு அவர் தலையாட்டினார். நியாயமான விலைதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ரபி சிரிக்கவில்லை. "திருமதி ரப்கின், கடவுளுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள் இன்னைக்கு மன்னிப்பார். மனுஷங்களுக்குச் செஞ்ச தப்பை அந்த மனுஷங்கதான் மன்னிக்கணும். அதுவும் பொழுது சாயறதுக்குள்ள. அந்த அம்மா ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல இருக்காங்க. நடந்து போற தூரம்தான்."

"பட்டினி வயித்தோடவா? பதினேழு தெரு!"

"நாலு மணி நேரம் இருக்கு."

"பார்க்கறேன்," என்றாள். பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து காலைத் தூக்கி வைத்துப் படுத்தாள். மேசை விரிப்பில் சுருக்கம் இருந்ததை மட்டும் எழுந்துபோய்ச் சரிசெய்தாள்.

வானில் நட்சத்திரங்கள் தெரிந்ததும் நோன்பு முடிந்ததற்கு அடையாளமாக ஆட்டுக்கொம்பு ஊதினார்கள். நாங்கள் இருபத்திரண்டு பேரும் ஐந்தாவது மாடிக்கு ஏறினோம். வெள்ளித் தட்டில் மீன் படுத்திருந்தது. எஸ்டெல் கத்தியை எடுத்தாள். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறக்கப் போனவர் சீமோர்.

வாசலில் யெட்டா கோர்ன், அதே நீலத் தொப்பியில். பின்னால் மகளிர் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர். மூன்று பேர் கையிலும் தட்டுகள். துக்க வீட்டுக்கு எங்கள் வழக்கப்படி அவித்த முட்டைகள், பேகல், இரண்டு வகை குகெல். அவற்றின் மேல், தலையும் வாலுமாக, எஸ்டெலின் மீனைவிட ஒரு சாண் நீளமான வெள்ளை மீன்.

"துக்கத்துல பங்கெடுத்துக்க வந்தோம்," என்றாள் யெட்டா. "நீங்க சொந்தக்காரரா?"

"நான் சீமோர்," என்றார் அவர் சந்தோஷமாக. "உள்ள வாங்க, உங்களாலதான் இன்னைக்கு எல்லாரும் என்னை விசாரிச்சாங்க."

யெட்டா உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள், கத்தியோடு நின்ற எஸ்டெலைப் பார்த்தாள். நாற்பது வருஷம் கல்யாண வீடும் துக்க வீடும் பார்த்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ரெண்டு மணி நேரம் நின்னேன்," என்றாள். "தொண்ணூத்தி நாலு வர்றப்போ மீன் தலைகூட மிச்சமில்ல."

"யெட்டா, நான் வந்து..."

"ஒரு மணி நேரம் முன்னாடி மன்னிப்புக் கேட்டிருந்தா மேல போய்ச் சேர்ந்திருக்கும். இப்போ வானத்துக் கதவைச் சாத்திட்டாங்க. அடுத்த வருஷம்தான்."

எஸ்டெல் கத்தியை வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும், எதையும் மறைக்காமல் சொன்னாள்: "பொய் சொன்னேன். உயிரோட இருக்கற புருஷனைச் சாகடிச்சு உன் இடத்தைப் பிடுங்கினேன். மருமகளையும் சேர்த்து இழுத்துவிட்டேன். வெட்கமா இருக்கு."

மூலையில் நின்ற மார்சி, "என்னையா? என்னை என்ன சொன்னீங்க?" என்றாள். அதற்குள் நடந்தது வேறு. என் பக்கத்தில் நின்ற கண் டாக்டர் ஒருவர் யெட்டாவின் மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுவிட்டார். கண்ணை மூடினார்.

"இது எந்தக் கடை?"

இருபத்தைந்து மணி நேரப் பட்டினியும் எஸ்டெலின் ஒப்புதலும் அந்தக் கேள்வியில் கரைந்துபோயின. எல்லாரும் யெட்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்க, எங்க என்று கேட்டார்கள். ஒருத்தி காகிதமும் பென்சிலும் தேடினாள்.

"இங்கதான்," என்றாள் யெட்டா. "உங்க தெருவுலதான். ரெண்டு கட்டடம் தள்ளி. புதுசா வந்த ரஷ்யாக்காரங்க கடை. அங்க வரிசையே இல்ல."

எஸ்டெல் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் அவள் தினமும் பேருந்துக்குப் போவாள். ஜன்னலில் ரஷ்ய எழுத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது, நம் ஆட்கள் போகிற இடம் மாதிரி தெரியவில்லை என்று உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. அவர்களும் யூதர்கள்தான், அதே நாளில் அதே பட்டினி கிடக்கிறவர்கள்தான். எஸ்டெலுக்கு அது தகுதியாகப் பட்டிருக்கவில்லை.

யெட்டா அன்றைக்கு மன்னிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று தட்டு. போகும்போது எஸ்டெலின் குகெலில் இனிப்பு அதிகம் என்றாள். அதை யாரும் அவளிடம் அதுவரை சொன்னது இல்லை. மறுநாள் காலையில் எஸ்டெல் பதினேழு தெருவும் நடந்துபோய் யெட்டாவின் கதவைத் தட்டினாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொன்னதில்லை. வசந்த காலத்துக்குள் வாரம் ஒரு நாள் சேர்ந்து கடைக்குப் போகிற அளவுக்கு ஆகிவிட்டார்கள். ரஷ்யக் கடைக்காரியோடு இரண்டு பேரும் சேர்ந்தே சண்டை போட்டார்கள். மார்சி மட்டும் இரண்டு வருஷம் நோன்பு முடிக்க வரவில்லை. அதில் எஸ்டெலுக்கு வருத்தம்தான், பழத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

சீமோர் அந்த நாளைக் கொண்டாடினார். தான் இறந்த செய்தி கேட்டு யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். நல்லதாகச் சொல்லாதவர்களை மனதில் வைத்துக்கொண்டார். ஆறு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உண்மையாகவே போய்ச் சேர்ந்தார்.

எஸ்டெல் இறங்கி வந்து என் சமையலறையில் நின்றாள். கோட்டு போடவில்லை.

"நீயே எல்லாருக்கும் சொல்லிடு, பெல்லா. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

பதினெட்டுப் பேருக்குத் தொலைபேசினேன். மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் சீமோரைப் பேசச் சொல் என்றார். ரபி ஓஷின்ஸ்கி வேறு ஊருக்குப் போயிருந்தார். புதிய ரபிக்குப் பழைய கதை தெரிந்திருந்ததால் அவர் என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் பெயரை எழுதினார். இறுதிச் சடங்குக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேர் மறுநாள், உறுதியான பிறகு, தலைகுனிந்துகொண்டு வந்தார்கள்.

யெட்டா முதல் நாளே அவித்த முட்டையோடு வந்து ஏழு நாளும் அங்கேயே இருந்தாள். தட்டு தட்டாகச் சாப்பாடு வந்தது, நல்லதும் மோசமானதும். தட்டில் வைத்ததை எஸ்டெல் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். மார்சி கொண்டுவந்த டிரேயிலிருந்து ஒரு முலாம்பழத் துண்டை எடுத்து, கொட்டையில்லாமல் வெட்டியிருக்கிறாள் என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

ஏழாம் நாள் காலை, வழக்கப்படி, துக்கத்தை விட்டு வெளியே வந்து தெருவை ஒரு சுற்று நடந்தோம். எஸ்டெல் நடுவில், யெட்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பனி உருகி நடைபாதை வழுக்கியது. எஸ்டெல் எங்கள் இருவர் கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போங்கடி, விழுந்து தொலைக்கப் போறோம்" என்றாள்.